பங்குனி சித்திரைல பறவை பாக்க எந்தத் தீவு? தனுஷ்கோடியா, மன்னாரா, நெடுந்தீவா

மாசி பொறந்துட்டா போதும், எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி இதுதான். "அண்ணே நாலு நாள் லீவு இருக்கு, வலசை வந்த பறவையெல்லாம் கெளம்பறதுக்குள்ள ஏதாவது ஒரு தீவுக்குப் போயிடணும், எங்க போறது?" தனியாத்தனியா பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சிடறேன்.

ஒரு விஷயத்தை மொதல்லயே சொல்லிடறேன். வெளிநாட்டுக்காரங்க ஸ்ப்ரிங் மைக்ரேஷன்னு சொன்னா அவங்களுக்கு அது பறவை வந்து சேர்ற காலம், நமக்கு அது வழியனுப்பற காலம். சைபீரியா, மத்திய ஆசியாவுல இருந்து ஆவணி புரட்டாசில வந்து எறங்கினதெல்லாம் மாசி கடைசில இருந்து சித்திரை பாதிக்குள்ள கெளம்பிடும். அதனால தைல வர்ற கூட்டத்த மனசுல வெச்சுக்கிட்டு ஏப்ரல்ல போனீங்கன்னா ஏமாந்துதான் வருவீங்க. ஆனா தைல கெடைக்காத ஒன்னு ஏப்ரல்ல கெடைக்கும், அது கலர். குளிர்காலம் முழுக்க சாம்பலா, எது எதுன்னே தெரியாம ஒரே மாதிரி நின்னுட்டிருந்த சின்னக் கரைப்பறவை லெஸ்ஸர் சாண்ட் ப்ளவருக்கு நெஞ்சுல செங்கல் பொடிய அள்ளிப் பூசின மாதிரி நிறம் ஏறியிருக்கும், கர்லூ சாண்ட்பைப்பர் வயிறு மொத்தமா செவந்திருக்கும், பட்டைவால் மூக்கனும் அப்படித்தான். பல்லாஸ் கடல்காக்கைக்கு தலை கன்னங்கரேல்னு ஆயிடும். தை மாசம் புக்கை வெச்சுக்கிட்டு மண்டைய ஒடைச்சவன் ஏப்ரல்ல புக் இல்லாமயே பேர் சொல்லிடுவான்.

அதனால எண்ணிக்கை வேணுமா, நெறம் வேணுமா, இல்ல கெளம்பற காட்சியப் பாக்கணுமா, இத மொதல்ல முடிவு பண்ணுங்க. மூணும் ஒரே வாரத்துல ஒரே எடத்துல கெடைக்காது.

எத வெச்சு ஒப்பிடறேன்

நான் பாக்கறது அஞ்சு விஷயம். அந்த நேரத்துல அங்க என்ன நிக்கும். எவ்வளவு கிட்ட, எந்த வெளிச்சத்துல பாக்கலாம். பொழுது சாயற நேரத்துல அங்க நிக்க விடுவாங்களா (இது ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன்). போய்ச் சேர்ற கஷ்டமும் செலவும். கடைசியா வெயில், தண்ணி, நிழல், பாத்ரூம். இந்தக் கடைசி ஐட்டத்த யாரும் கேக்கறதில்ல, போயிட்டு வந்து பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட திட்டு வாங்கறது எல்லாம் இதனாலதான்.

தனுஷ்கோடி (ராமேஸ்வரம் தீவு)

நம்மாளுங்களுக்கு கைக்கெட்டற தூரத்துல இருக்கறது இதுதான். 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் தொறந்த பிறகு ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரைக்கும் வருது. அங்கருந்து பஸ்ஸோ ஆட்டோவோ புடிச்சா தீவோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு. 2017ல அந்த ரோடு வர்றதுக்கு முன்னாடி ஜீப்ல மணல்ல குலுங்கிக் குலுங்கி போன கதையெல்லாம் இப்ப இல்ல.

பறவைக்கு ரெண்டு எடம். ஒன்னு கோதண்டராமர் கோயிலுக்குப் போற வழில ரெண்டு பக்கமும் இருக்கற உப்புத்தண்ணி. பூநாரை நிக்கறது இங்கதான், தை மாசி நல்லா இருக்கும், பங்குனி பாதி வரைக்கும் தண்ணி இருந்தா இருக்கும், தண்ணி வத்திட்டா அதுங்க பாட்டுக்குப் போயிடும். 2025 ஜூன்ல தமிழ்நாடு அரசு இந்தப் பகுதிய பூநாரை சரணாலயமா அறிவிச்சாங்க, 524.7 ஹெக்டேர். ரெண்டாவது, பழைய சர்ச் இடிபாட்டத் தாண்டி முனை வரைக்கும் இருக்கற கரை. ஆலா (டெர்ன்) வகைங்க, கடல்காக்கைங்க, உப்புக்கொத்திங்க (ப்ளவர்) எல்லாம் இங்க. ஒரு பக்கம் பெண் கடல் (வங்காள விரிகுடா), இன்னொரு பக்கம் ஆண் கடல் (மன்னார் வளைகுடா), எந்தப் பக்கம் காத்து அடிக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம் மணல் மேட்டுக்கு மறைவுலதான் கூட்டம் ஒதுங்கியிருக்கும். இந்த ஒரு டிப்ஸ் தெரிஞ்சா பாதி நேரம் மிச்சம்.

இங்க தனியா சொல்ல வேண்டியது அனுமன் உப்புக்கொத்தி. முன்ன கெண்டிஷ் ப்ளவரோட ஒரு பிரிவுன்னு நெனச்சிட்டிருந்தாங்க, 2023ல தனி இனம்னு பிரிச்சாங்க, இலங்கையிலயும் தென்னிந்தியாவுலயும்தான் இது கூடு கட்டுது, ராமர் பாலத்த வெச்சு அனுமன் பேரு வந்துச்சு. இது எங்கயும் போறதில்ல, மத்ததெல்லாம் மூட்டை கட்டற நேரத்துலதான் இது முட்டை வெக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி ஏப்ரல்ல நான் ஆலாவப் பாத்துக்கிட்டே கடல் பக்கமா நடந்து போறேன், வலை காய வெச்சிட்டிருந்த ஒரு பெரியவர் "தம்பி, கீழ பாத்து நடப்பா, முட்டை கெடக்கு"ன்னு கத்தினாரு. குனிஞ்சு பாத்தா என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, மாட்டுக் குளம்பு பதிஞ்ச அளவு பள்ளத்துல மணல் கலர்லயே ரெண்டு முட்டை, சுத்தி உடைஞ்ச சிப்பித் துண்டு, அவ்வளவுதான் கூடு. தாய்ப் பறவை பத்தடி தள்ளி ஒரு றெக்கைய இழுத்துக்கிட்டு நொண்டி நொண்டி ஓடுது, அடிபட்ட மாதிரி நடிப்பு, நம்மள அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போறதுக்கு. வந்த வழியே காலடித் தடத்துல தடம் வெச்சுத் திரும்பி வந்தேன். அதுல இருந்து ஏப்ரல்ல தனுஷ்கோடில வறண்ட மணல் பக்கம் நடக்கறதில்ல, ஈர மணல் ஓரம் மட்டும்தான், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

*மறைஞ்சிருக்கற செலவு:* பணம் இல்ல, நேரம். சாயங்காலம் ஆனா எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க, ராத்திரி தங்கறதுக்கு வழியே இல்ல. கரைப்பறவைங்க பெரும்பாலும் வலசை கெளம்பறது பொழுது சாயற நேரத்துலதான், சரியா அந்த நேரத்துல நீங்க செக்போஸ்ட்டத் தாண்டி ராமேஸ்வரம் ரோட்டுல டீ குடிச்சிட்டு இருப்பீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா கோயிலுக்கு வந்த கூட்டம் முழுக்க முனைல, ஸ்பீக்கர், பட்டம், ஓடற பசங்க, அதுல பறவை எங்க நிக்கும். வார நாள்ல, காலைல தொறந்த உடனே மொத ஆளா உள்ள போங்க. ஒம்போது மணிக்கு மேல கானல் ஆட ஆரம்பிச்சிடும், ஸ்கோப்ல (ஸ்டாண்டுல வெச்சுப் பாக்கற தொலைநோக்கி) பாத்தா எல்லாப் பறவையும் டான்ஸ் ஆடும்.

தங்கறதும் பாத்துக்கோங்க. ஒரு தடவ காலைல அஞ்சு மணிக்கு கெளம்பணும்னு ராத்திரியே சொல்லி வெச்சும் லாட்ஜ்ல கேட்ட பூட்டிட்டுத் தூங்கிட்டாங்க, ஆள எழுப்பி சாவி வாங்கறதுக்குள்ள ஆறே கால். பேரெல்லாம் வேணாம், பல லாட்ஜ்ல இதுதான் நெலம.

மன்னார் தீவு

அரிச்சல்முனைல நின்னு பாத்தா எதுக்கால இலங்கையோட தலைமன்னார், கடல்வழி 24 கிலோமீட்டர் மாதிரி. பறவைக்கு அது ஒரு எட்டு, நமக்கு பாஸ்போர்ட், விசா, பிளேன். 1964 புயலுக்கு முன்னாடி தனுஷ்கோடில கப்பல் ஏறி தலைமன்னார்ல எறங்கி ரயில் புடிச்சிருக்காங்க, இப்ப சுத்திக்கிட்டுப் போக வேண்டியிருக்கு. மதுரைல இருந்து கொழும்பு பிளேன், அங்கருந்து தலைமன்னார் ரயில்னா ஒரு நாள் அதுலயே முழுசாப் போயிடும் (ரயில் ஓடுதான்னு விசாரிச்சிட்டு ஏறுங்க). என்னைக் கேட்டா யாழ்ப்பாணம் வழிதான் நல்லது. சென்னைல இருந்து பலாலிக்கு (யாழ்ப்பாண ஏர்போர்ட்) பிளேன், இல்லன்னா நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல், அப்புறம் சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியா நேரா தெக்க வந்தா மன்னார். அந்த ரோடே பறவை பாக்கற ரோடுதான், விடத்தல்தீவு வரைக்கும் வண்டிய நிறுத்தாம போக முடியாது.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போகணும்? ஏன்னா மத்திய ஆசிய வலசைப் பாதையோட கடைசி ஸ்டாப் இலங்கை, அதுக்கு மேற்குப் பக்க வாசல் மன்னார். வர்றதும் இந்த வாசல் வழியா, போறதும் இந்த வாசல் வழியா. வங்காலைச் சரணாலயம் 2010ல ராம்சர் தளமாச்சு (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அங்கீகாரம்), தீவுக்குப் போற தாம்போதிக்கு (கடலுக்கு நடுவுல போட்ட ரோடு) பக்கத்துலயே இருக்கு. நாமத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன் எல்லாம் பெருங்கூட்டமா நிக்கற எடம். வாத்து வேணும்னா மார்ச் பாதிக்குள்ள போயிடணும், அப்புறம் வெறும் தண்ணிதான். கரைப்பறவை நெறம் மாறினதப் பாக்கணும்னா ஏப்ரல் மொத பாதி. க்ராப் ப்ளவர் பாக்கணும்னு ஆசப்படறவங்களுக்கும் தலைமன்னார் பக்கம்தான் சான்ஸ் ஜாஸ்தி, கறுப்பு வெள்ளை உடம்பு, தடிமனான அலகு, நண்டப் புடிச்சா தூக்கி ஆட்டி ஆட்டி தின்னும். வறண்ட காட்டுப் பக்கம் கௌதாரி, நீளவால் கீச்சான், கள்ளிப்புறா எல்லாம் இருக்கு, ஆனா இதெல்லாம் நம்ம ராமநாதபுரத்துலயே பாத்தது, கொழும்புல இருந்து வர்றவங்கதான் அதுக்கு குதிப்பாங்க, நமக்கு அது பெருசில்ல.

மன்னார்ல ஜிபிஎஸ் மாட்டி விட்ட ஹியூக்லின் கடல்காக்கைங்க ரஷ்யாவோட ஆர்க்டிக் பக்கம் வரைக்கும் போனத கொழும்புப் பல்கலைக்கழக ஆளுங்க பின்தொடர்ந்து பாத்திருக்காங்க. பேசாலைக் கரைல மீன் குடல் பொறுக்கித் தின்னுட்டு நிக்கற அதே பறவை. இத தெரிஞ்சுக்கிட்டு அந்தக் கரைல நின்னீங்கன்னா அதப் பாக்கற பார்வையே மாறிடும்.

இப்ப அந்த சாயங்கால மேட்டர். தள்ளாடிப் பக்கம் தாம்போதி ஓரத்துல ஒரு ஏப்ரல் சாயங்காலம் நின்னுட்டு இருந்தோம், என்னைக் கூட்டிட்டு வந்த ஆட்டோக்காரர் "அண்ணை, சூரியன் இறங்கட்டும், கொஞ்சம் பொறுங்கோ, இப்ப சத்தம் போட வெளிக்கிடும்"னாரு. ஆறு மணி வாக்குல சேத்துல மேஞ்சிட்டிருந்த கர்லூ சாண்ட்பைப்பர் கூட்டம் ஒன்னு மேயறத நிப்பாட்டிட்டு சும்மா நின்னுச்சு, அப்புறம் ஒரு இருபது முப்பது மேல ஏறி ஒரு சுத்து சுத்தி மறுபடி எறங்கிருச்சு, மறுபடி ஏறிச்சு, கீழ நிக்கறதுங்கள கூப்புடற மாதிரியே ஒரே கத்து. மூணாவது தடவ எறங்கல. ஒசந்து ஒசந்து கோணலா ஒரு கோடு மாதிரி ஆகி, வடமேற்குப் பக்கம் கடலுக்கு மேல போயி, பைனாகுலர்லயும் தெரியாம போச்சு. கீழ ஒரு பதினஞ்சு மிச்சம் நின்னுச்சு, அதுல பாதி இன்னும் சாம்பலாவே இருந்துச்சு, மொத வருஷக் குஞ்சுங்களா இருக்கும், அதுங்க பல நேரம் அந்த வருஷம் போகாம இங்கயே வெயில்ல கெடக்கும். ஆட்டோக்காரர் பீடிய அணைச்சிட்டு "சரி, இனி ஆவணிக்குத்தான்"னு வண்டிய எடுத்தாரு.

தனுஷ்கோடில பத்து வருஷமா போறேன், இது ஒரு தடவ கூட கண்ணுல படல. பறவை அங்க கெளம்பாம இல்ல, நாமதான் அங்க இருக்கறதில்ல.

*மறைஞ்சிருக்கற செலவு:* நெறைய இருக்கு. ஈடிஏ (ஆன்லைன்ல வாங்கற விசா அனுமதி) போடணும், பணம் மாத்தணும், ரோமிங். ரோட்டு ஓரம்தான் நிக்கணும், லாரி காத்து தள்ளும். ஆர்மி கேம்ப் இருக்கற பக்கம் தெரியாம கூட கேமராவத் திருப்பாதீங்க, நல்லா பேசுவாங்க, ஆனா ஒரு மணி நேரம் போயிடும். ராமர் பாலத்து மணல் திட்டுல ஆலா கூடு கட்டறதப் பாக்கணும்னு கெளம்பாதீங்க, அது தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம எந்தப் படகுக்காரன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாலும் ஏறாதீங்க. அப்புறம் தெக்குக் கரைல வரிசையா காத்தாலை, 2020 கடைசில ஆரம்பிச்சது, 30 கம்பம், 103.5 மெகாவாட். போட்டோல பூநாரைக்குப் பின்னாடி எப்பவும் ஒரு றெக்கை சுத்திட்டு இருக்கும். வலசை வாசல்ல கொண்டு போய் வெச்சாங்களேன்னு எனக்கு ஆத்தாமைதான், கரண்ட் வேணும்ங்கறதும் புரியுது, இங்க அந்த வழக்கு வேணாம்.

நெடுந்தீவு (யாழ்ப்பாணத் தீவுகள்)

தீவுங்கற ஃபீலிங் வேணும்னா இதுதான். குறிகட்டுவான்ல படகு ஏறி ஒரு மணி நேரம், பவளக்கல்ல அடுக்கின வேலி, மட்டக்குதிரை, பெருக்கமரம், டச்சுக்காரன் காலத்துப் புறாக்கூடு. பறவை பாக்கற கணக்குல மட்டும் கேட்டா உண்மையச் சொல்லிடறேன், தீவ விட போற வழிதான் நல்லா இருக்கும். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவுக்குப் போற தாம்போதி, ரெண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், பூநாரை, மூக்கன், கோட்டான் (ஆந்தை இல்ல, வளைஞ்ச அலகுக் கரைப்பறவை), ஆலா எல்லாம் பஸ் ஜன்னல்லயே தெரியும். பஸ் நிக்காதுங்கறதுதான் கொடுமை. ஒரு ஆட்டோ பேசிக்கோங்க, இல்லன்னா யாழ்ப்பாணத்துல சைக்கிள் வாடகைக்கு எடுத்து காலைலயே மிதிங்க.

நெடுந்தீவுல எறங்கினா புல்வெளில வானம்பாடி, நெட்டைக்காலி, குதிரைங்க தண்ணி குடிக்கற குட்டைல நாலு உள்ளான். படகுக்குப் பின்னாடி வர்ற பழுப்புத்தலைக் கடல்காக்கைங்க மார்ச்ல பேருக்கேத்த மாதிரி தலை பழுப்பாகி இருக்கும், அத கை நீட்டினா தொடற தூரத்துல பாக்கலாம், அந்த ஒரு மணி நேரப் படகுப் பயணமே எனக்கு மொத்த ட்ரிப்ல புடிச்சது.

*மறைஞ்சிருக்கற செலவு:* படகு நேரம் உங்க நேரம் இல்ல. காலைப் படகத் தவற விட்டா அன்னிக்கு நாள் காலி, திரும்பற படகத் தவற விட்டா ராத்திரி அங்கதான். சித்திரை கடைசில சோளகக் காத்து (தென்மேற்குக் காத்து) எடுக்க ஆரம்பிச்சிட்டா படகு ஆடற ஆட்டத்துல வாந்தி எடுக்காம வந்தவன் கம்மி.

மன்னார் வளைகுடா குட்டித் தீவுங்க

தூத்துக்குடில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்காவாச்சு. இதுல ரெண்டு ஏற்கனவே கடலுக்குள்ள முங்கிடுச்சு. மண்டபம் பக்கத்து மனோலி, முசல் தீவு எல்லாம் கரைப்பறவை ஆராய்ச்சில பெரிய பேரு, ஆனா நீங்களும் நானும் எறங்க முடியாது, அதுக்கு வாதாடவும் மாட்டேன், அப்படி இருக்கறதுனாலதான் அங்க பறவை நிம்மதியா கொழுப்பேத்திட்டுக் கெளம்புது. வனத்துறை கூட்டிட்டுப் போற போட் கெடைச்சா பவளப்பாறை பாக்கப் போங்க, வழில ஏதாவது தெரிஞ்சா லாபம். ஆடற போட்ல இருந்து பறவை போட்டோ எடுக்கறதெல்லாம் நடக்காத காரியம்.

ஒரே பார்வைல

| | தனுஷ்கோடி | மன்னார் | நெடுந்தீவு வழி | குட்டித் தீவுங்க |
|---|---|---|---|---|
| எப்ப | மார்ச் பூநாரை, ஏப்ரல் நெறம் | மார்ச் பாதி வரை வாத்து, ஏப்ரல் மொத பாதி கரைப்பறவை | மார்ச் | கடல் அடங்கினா |
| சாயங்காலம் | நிக்க விட மாட்டாங்க | நிக்கலாம் | படகு நேரத்துக்கு ஓடணும் | இல்ல |
| எத்தன நாள் | 2 | 5 ஆவது வேணும் | யாழ்ப்பாணத்துல இருந்து 1 | அரை நாள் |
| நிழல், பாத்ரூம் | ராமேஸ்வரத்துல போயிட்டு வந்துடுங்க | மன்னார் டவுன்ல | துறைமுகத்துல | போட்ல ஏது |
| சின்னப் புள்ளைங்க | காலைல மட்டும் ஓகே | வேணாம் | குதிரைக்காக குஷி ஆகும் | ஓகே |

அப்ப யாரு எங்க

மொத தடவையா, பைனாகுலர் இப்பதான் வாங்கினேன், குடும்பமும் கூட வருதுன்னா யோசிக்கவே வேணாம், தனுஷ்கோடி, மார்ச்ல ஒரு வியாழன் வெள்ளி. குடும்பம் கோயிலுக்குப் போகட்டும், நீங்க அந்த நேரத்துல முனைக்குப் போங்க, எல்லாருக்கும் புண்ணியம்.

நாலஞ்சு வருஷமா பாக்கறேன், உள்ளான் வகைங்களப் பிரிக்க வராம தடுமாறறேன்னா ஏப்ரல் மொத வாரம் மன்னார். செலவு ஜாஸ்திதான், ஆனா அந்த அஞ்சு நாள்ல கத்துக்கறது இங்க அஞ்சு சீசன்ல வராது. ஏற்கனவே யாழ்ப்பாணத்துல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறவங்க நெடுந்தீவ ஒரு நாள் சேத்துக்கோங்க, அதுக்குன்னு மட்டும் பிளேன் ஏறாதீங்க. கோடியக்கரைய ஏன் சேக்கலன்னு கேப்பீங்க, அது தீவு இல்ல, அதுவும் போக அதுக்கு ஐப்பசில இருந்து தை வரைக்கும்தான் மவுசு.

எங்க போனாலும் காலுல கலர் கொடியோ வளையமோ மாட்டின பறவை தெரிஞ்சா எந்தக் கால், மேலயா கீழயா, என்ன கலர், எழுத்து ஏதாவது இருக்கான்னு அங்கயே எழுதிக்கோங்க, ரூமுக்கு வந்தா மறந்துடும், எனக்கு ரெண்டு தடவ மறந்திருக்கு. கிட்டப் போறதுக்காக கூட்டத்தக் கெளப்பி விடாதீங்க, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கறதுக்கு உடம்புல சேத்து வெக்கிற நேரம் அது.

நானு இந்த வருஷம் மன்னார்னுதான் இருந்தேன், ஆபீஸ்ல அஞ்சு நாள் சேந்தாப்புல தர மாட்டேன்னுட்டாங்க. ஏப்ரல் ரெண்டாவது புதன்கிழமை தனுஷ்கோடி, காலைல கேட் தொறக்கறப்ப நிப்பேன், வர்றவங்க வாங்க, தண்ணி ரெண்டு லிட்டர் சொந்தமா கொண்டு வந்துடுங்க.